முரட்டு மடக்கு போன் தினப்படிக்கு ஆகுமா? பத்து நாளில் சோதித்துப் பார்க்கும் முறை

அடி, தூசி, தண்ணீர் தாங்கும்படி கெட்டியாகச் செய்த, எண் பொத்தான்களோடு நடுவில் மடங்கி மூடும் போனைத்தான் முரட்டு மடக்கு போன் என்கிறேன். முரட்டு போன் வாங்கியவர்கள் முதல் நாள் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே போட்டுப் பார்ப்பார்கள். அடுத்து வாளித் தண்ணீரில் முக்குவார்கள். நானும் செய்தேன். மாடிப்படியில் உருட்டிவிட்டதில்கூட ஒரு கீறல் மட்டும்தான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். நாலாம் நாள்தான் தெரிந்தது, வேலையிடத்துக் குழுச் செய்திகள் ஒன்றுகூட அதற்கு வந்து சேரவில்லை என்று. கான்கிரீட் ஊற்றும் நேரத்தை மாற்றியிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

ஹூஸ்டன் பக்கம் கட்டடத் தளங்களில் மேற்பார்வை வேலை எனக்கு. சிமெண்ட் தூசி, வியர்வை, கையுறை, ஏணி எல்லாம் உண்டு. இதுவரை மூன்று முரட்டு மடக்கு போன்கள் வைத்திருந்தேன். மூன்றிலும் கண்டது இதுதான்: இந்த வகைப் போனில் உடம்பு கடைசியில்தான் போகும். முதலில் கைவிடுவது டவர், அடுத்தது உள்ளே இருக்கும் மென்பொருள், அதற்கடுத்தது நம்முடைய கட்டைவிரலின் பொறுமை. அதனால் சோதனையையும் அதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போடுவது கடைசி நாள். கீறல் விழுந்த போனைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் முகம் மாறும் என்பது இன்னொரு காரணம். அமெரிக்காவில் பெரிய செல்போன் நிறுவனங்கள் திருப்பித் தர 14 நாள் முதல் 30 நாள் வரைதான் அவகாசம் தருகின்றன. பத்து நாளில் முடிவெடுத்துவிட வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் விதம்

ஐபி 68 என்று போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்கு 6தான் உச்சம். முகப்பவுடர் போன்ற நுண்தூள் பறக்கும் பெட்டிக்குள் 8 மணி நேரம் வரை வைத்தும் உள்ளே தூள் போகவில்லை என்று அர்த்தம். தண்ணீரில் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையானது. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். ஆகவே 68 என்ற எண்ணோடு நிற்காமல், பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மீட்டரையும் நிமிடத்தையும் பாருங்கள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் உப்பு, சோப்புத் தண்ணீர், குளோரின் கலந்த நீச்சல் குளம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்தது மில்-எஸ்டிடி-810. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைத் தொகுப்பு இது. 2008இல் ஜி பதிப்பு, 2019இல் எச் பதிப்பு. பெயரைக் கேட்டதும் ராணுவமே போனை வாங்கித் தட்டிப் பார்த்துச் சான்று கொடுத்ததாகத் தோன்றும். அப்படி இல்லை. சான்று தரும் அலுவலகம் எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் சோதித்துவிட்டு அவரே சொல்லிக்கொள்வதுதான். கீழே போடும் சோதனையில் 26 முறை போடுவார்கள். ஏன் 26? பெட்டி வடிவத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. ஒவ்வொன்றும் ஒரு முறை தரையைத் தொட வேண்டும். உயரம் வழக்கமாக 1.22 மீட்டர். இந்த 26ஐயும் ஒரே போன் தாங்க வேண்டியதில்லை, ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். அதைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

மடக்கு போனுக்கு இன்னொரு கேள்வி உண்டு: மூடியபடி போட்டார்களா, திறந்தபடியா? நம் கையிலிருந்து விழுவது பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கும்போது, அதாவது திறந்தபடி.

ஒரு சீட்டும் பென்சிலும்

உங்கள் பழைய ஸ்மார்ட்போனின் முதுகில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவையுங்கள். சிம்மைக் கழற்றி மடக்கு போனில் போட்ட நேரத்திலிருந்து, பழைய போனை எப்போதெல்லாம் கையில் எடுக்கிறீர்களோ அப்போதெல்லாம் ஒரு கோடு. பக்கத்தில் காரணம், ஒரே சொல்லில்: வழி, பேங்க், படம், சும்மா.

சோதனையிலேயே முக்கியமானது இதுதான். நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் முதல் சீட்டில் பத்து நாளில் 41 கோடு. அதில் 19 'சும்மா'. 'சும்மா' என்பது போனின் குறை அல்ல, என் கையின் பழக்கம். 'வழி' 9, 'பேங்க்' 6. போன் எங்கே நமக்குப் போதவில்லை என்பதை அந்த இரண்டும் சொல்லிவிட்டன.

முதல் இரண்டு நாள்: பேசிப் பாருங்கள்

போன் என்பது பேசத்தான். ஆனால் இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2022இல் பெரிய நிறுவனங்கள் எல்லாம் 3ஜியை மூடிவிட்டன. இப்போது குரல் போவது பெரும்பாலும் 4ஜி வழியாக, வோல்டிஇ என்ற முறையில். போனில் 4ஜி இருந்தால் போதாது. அந்த நிறுவனத்தின் வோல்டிஇயோடு அந்த மாடல் ஒத்துப்போக வேண்டும். சில நிறுவனங்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட மாடல்களின் பட்டியலே வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத போனில் இணையம் ஓடினாலும் அழைப்பு ஓடாமல் போகலாம்.

சோதிப்பது எளிது. ஒரு நண்பரை அழையுங்கள். பேசிக்கொண்டே திரையின் மேல்மூலையைப் பாருங்கள். 4ஜி அல்லது எல்டிஇ குறி அப்படியே நின்றால் வோல்டிஇ வேலை செய்கிறது. அழைப்பு சேர்ந்ததும் அது மறைந்து வேறு எழுத்து வந்தால் போன் பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசுகிறது. அந்தப் பழைய பாதை உங்கள் ஊரில் இன்னும் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017இலேயே போய்விட்டது. 3ஜியை 2024இல் நிறுத்தத் தொடங்கினார்கள்.

பிறகு, வீட்டில் சிக்னல் மோசமான அறை, லிஃப்ட், கார், வேலையிடத்தில் தகரக் கொட்டகை என்று நாலைந்து இடத்தில் நின்று பேசுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மறுமுனையில் இருப்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நான் பேசுறது தெளிவா இருக்கா, இல்ல பக்கத்துச் சத்தம்தான் கேக்குதா?" மடக்கு போனுக்கு இதில் இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. திறந்தால் மைக் வாயருகே வந்துவிடுகிறது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பேசும்போது என் ஸ்மார்ட்போனைவிட இதில் தெளிவாகக் கேட்டதாக மேஸ்திரி சொன்னார். காதுக்கருவி அணிபவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்துப் பேசவைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மூன்று சின்ன விஷயங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். திறந்ததும் அழைப்பு தானாக எடுக்கப்படுகிறதா, அதை அமைப்பில் மாற்ற முடிகிறதா? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூடினால் அழைப்பு துண்டிக்கப்படுகிறதா? மூடியிருக்கும்போது யார் அழைக்கிறார்கள் என்பது வெளித்திரையில் உச்சி வெயிலிலும் தெரிகிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால், அழைப்பது யாரென்று பார்க்கவே போனைத் திறக்க வேண்டிவரும். திறந்ததும் தானாக எடுக்கும் அமைப்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கடன்கார மாமா இணைப்பில் வந்துவிடுவார்.

ஊருக்கு வாங்கி அனுப்பப் போகிறவர்களுக்கு மட்டும்

உடுமலைப் பக்கம் தோட்டம் பார்க்கும் என் சித்தப்பாவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். வாய்க்காலில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, டார்ச் உண்டு, பட்டன் பெரிது என்றெல்லாம் யோசித்தேன். அலைவரிசையை யோசிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் பழைய போனிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, டார்ச் நல்லா அடிக்குது. பேசத்தான் மாட்டேங்குது."

தப்பு என்னுடையது. இந்தியாவில் 4ஜி பெரும்பாலும் ஓடுவது பேண்ட் (எண்ணிட்ட அலைவரிசைத் தொகுதி) 3, 5, 8, 40 போன்றவற்றில். அமெரிக்க நிறுவனங்களுக்கென்று செய்த போன்களில் முதன்மையாக இருப்பவை 2, 4, 12, 13, 66, 71 வகையறா. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றிரண்டு இருக்கலாம். அது மட்டும் போதாது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது. அதனால் வோல்டிஇ பொருந்தாத போனில் ஜியோ சிம் போட்டால் பேசவே முடியாது. 2ஜி இன்னும் வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்மில் ஒருவேளை தப்பிக்கலாம், போனில் அந்த 2ஜி அலைவரிசை இருந்தால். போன் எந்த நிறுவன சிம்முக்கும் திறக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். மாடல் எண்ணின் வாலில் ஓர் எழுத்து மாறினாலே பேண்ட் பட்டியல் மாறிவிடும் என்பதால், வாங்கும் அதே மாடல் எண்ணின் பட்டியலைத் தேடிப் படியுங்கள்.

கீலும் பொத்தான்களும்

மடக்கு போனில் நான் முதலில் பார்ப்பது கீல். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே, கீலின் வழியாகத்தான் காகிதம் போன்ற ஒரு மெல்லிய ரிப்பன் வயர் போகிறது. திரை, காது ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் அதுதான் நரம்பு. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. உடம்பு எவ்வளவு முரடாக இருந்தாலும் அந்த ரிப்பன் முரடாக இருக்க முடியாது.

கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டு மேல்பாதியை இடவலமாக லேசாக அசையுங்கள். புதுப் போனில் ஆட்டமே இருக்கக்கூடாது. பத்தாம் நாள் மறுபடி அசைத்துப் பாருங்கள். திறக்கும்போது கடைசியில் 'டக்' என்று தானே போய் நிற்க வேண்டும். நாம் தள்ளி நிறுத்துவது போலிருந்தால் கீல் வில் தளர்வு. பிறகு ஒரே கையால், கட்டைவிரலால் மட்டும் திறந்து பாருங்கள். முதலில் உலர்ந்த கை, அடுத்து ஈரக் கை, கடைசியாகக் கையுறை. முரட்டு போன்களில் ரப்பர் விளிம்பு தடிமனாக இருப்பதால் விரல் நுழைய இடமே இருக்காது. ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இரண்டு கையால் திறக்கும் போன் எதற்கு?

மணல், சிமெண்ட் படிந்திருந்தால் திறக்கும் முன்பே கீல் பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இடுக்கில் மணலோடு திறந்து மூடினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

பொத்தான்களுக்கு ஒரு சோதனை: கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சொந்தப் பத்து இலக்க எண்ணை 20 முறை அழுத்துங்கள். 5ஆம் எண் மேல் சிறு புள்ளி புடைத்திருக்கும், விரல் வழி கண்டுபிடிப்பதற்காக. 20இல் மூன்றுக்கு மேல் தப்பு வந்தால் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது அழுத்தம் போதவில்லை. கையுறையோடு இன்னொரு சுற்று. இரவில் விளக்கில்லாமல் இன்னொன்று. எண்ணுக்குப் பின்னால் விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பது அப்போது தெரியும்.

போனை மூடி, சாவிக்கொத்தோடு பேண்ட் பையில் போட்டு ஒரு நாள் முழுக்க நடங்கள். மடக்கு போனில் எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் வாக்கி-டாக்கி பொத்தான், ஒலிப் பொத்தான், சிலவற்றில் ஆபத்துக்கால பொத்தான் இருக்கும். மாலையில் அழைப்புப் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் போடாத அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று. ஆபத்துக்கால பொத்தானைச் சோதிப்பதற்காக அமெரிக்க அவசர எண்ணான 911ஐ அழைத்து வைக்காதீர்கள். அதில் உங்கள் வீட்டாரின் எண்ணைப் போட்டுச் சோதியுங்கள்.

செய்திகள், தமிழ், வாட்ஸ்அப்

பாதிப் பேர் போனைத் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான். வெளியே ஒரே மாதிரி தெரியும் முரட்டு மடக்கு போன்களின் உள்ளே மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன.

முதல் வகை, பிளே ஸ்டோரோடு முழு ஆண்ட்ராய்டு. 2021இல் வந்த கேட் எஸ்22 ஃபிளிப் இதற்கு நல்ல உதாரணம்: ஆண்ட்ராய்டு 11 கோ, 2.8 அங்குலத் தொடுதிரை, 2 ஜிபி ராம், 16 ஜிபி சேமிப்பிடம். வாட்ஸ்அப், வரைபடம் எல்லாம் ஏறும், ஆனால் நத்தை வேகம். இரண்டாம் வகை, ஆண்ட்ராய்டை அடித்தளமாக வைத்து, பிளே ஸ்டோர் இல்லாமல் செய்தது. கியோசெரா டுராஎக்ஸ்வி எக்ஸ்ட்ரீம் அந்த ரகம். மூன்றாவது கைஓஎஸ், பொத்தான் போன்களுக்கென்றே செய்த தனி இயங்குதளம். அதற்கு இருந்த வாட்ஸ்அப்பை 2024 ஜூனுக்குப் பிறகு புதிதாக இறக்க முடியவில்லை. கடைக்காரர் "வாட்ஸ்அப் வரும்" என்று சொன்னால் அவர் கையாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தமிழ் தெரிகிறதா என்று பார்க்க 'தமிழ்' என்ற சொல்லை அனுப்பிப் பார்ப்பது வீண். அது எளிதான சொல். "கொழுக்கட்டை, ஸ்ரீரங்கம், பௌர்ணமி" மூன்றையும் ஒரே செய்தியில் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் சரியாக வந்து உட்கார்ந்தால் அந்தப் போனுக்குத் தமிழ் தெரியும். கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துரு இருக்கிறது, கோக்கத் தெரியவில்லை.

பதில் எழுதுவது வேறு கதை. அமெரிக்க மாடல்களில் எண் பொத்தான்களில் தமிழ் தட்டச்சு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு ஆண்ட்ராய்டு என்றால் தமிழ் விசைப்பலகை நிறுவலாம். தீப்பெட்டி அளவுத் திரையில் அதை அடிக்க எறும்பின் விரல் வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதுதான் நடைமுறை. செலவைப் பார்த்தால் அதுவும் லாபம்தான். ஆங்கில எழுத்து என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160, தமிழ் என்றால் 70. அந்த 70கூட நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு அல்ல. 'நாளைக்குக் காலையில் வருகிறேன்' என்பது நமக்கு 14 எழுத்து. புள்ளி, கால், கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் போனுக்கு 29.

குழுச் செய்தியை முதல் வாரமே சோதித்துவிடுங்கள். அமெரிக்காவில் ஐபோன்காரர்களோடு இருக்கும் குழுவில் நீங்கள் மடக்கு போனோடு சேர்ந்தால் செய்திகள் எம்எம்எஸ்ஸாக வரும். மொபைல் டேட்டா அணைந்திருந்தாலோ ஏபிஎன் (நிறுவனத்தின் டேட்டா இணைப்புக்கான முகவரி) அமைப்பு தவறாக இருந்தாலோ வராது, வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது. நான் முதலில் சொன்ன கான்கிரீட் கதை இதனால்தான். மூன்று பேர் குழு ஒன்றை ஆரம்பிக்கச் சொல்லி, ஒருவர் எழுத்தும் ஒருவர் படமும் அனுப்ப, நீங்கள் பதில் போட்டு, அது மூன்று பேருக்கும் போனதா என்று கேட்டுவிடுங்கள்.

வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்தால் கவலையில்லை. செயலிக்குள்தான் ஒப்புதல் கேட்கும் வங்கி என்றால் பழைய ஸ்மார்ட்போனை வீட்டில் வைஃபையில் வைத்திருக்க வேண்டிவரும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பேட்டரி

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேட் எஸ்22க்கு 2000, கியோசெராவுக்கு 1770. ஸ்மார்ட்போனில் பாதிகூட இல்லை. ஆனால் திரை சின்னது, மூடியே கிடக்கிறது. ஒரு சோதனை போதும்: இரவு படுக்கும்போது முழு சார்ஜில் வைத்து, காலையில் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நான் ஐந்து வரை பொறுப்பேன். அதற்கு மேல் போனால் ஒரு இரவு விமானப் பயன்முறையில் போட்டுப் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் டவர் தேடித்தான் தின்கிறது. அப்போதும் இறங்கினால் உள்ளே ஏதோ செயலி.

கழற்றி மாட்டும் பேட்டரியாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கேட் போன்களைச் செய்துவந்த புல்லிட் நிறுவனம் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. இந்த மாதிரிப் போன்களில் தயாரிப்பாளர் போனை முந்திக்கொண்டு போய்விடுகிறார். கோடையில் காருக்குள் விட்டுப் போகிற பழக்கம் இருந்தால், சூடு ஆறும் வரை சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸ்தான் வழக்கமான எல்லை. டெக்சஸ் வெயிலில் காரின் உள்சூடு அதை எளிதாகத் தாண்டும்.

ஒன்பதாம் நாள் சீட்டு, பத்தாம் நாள் தண்ணீர்

சீட்டைப் பிரித்து எண்ணுங்கள். 'சும்மா'வை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கோடுகள் ஒரு நாளைக்கு இரண்டுக்குள் இருந்தால் போனை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. என் முதல் போனில் 22 மிஞ்சியது, நாளைக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். 'வழி'க்குக் காரிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டு வைத்துக்கொண்டேன். உங்கள் வேலைக்கு வேறு கணக்கு இருக்கலாம். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்து, அதற்கு மாற்று வழியும் இல்லையென்றால், போன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் மட்டும் தண்ணீர். போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரிக் குழியில் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை மடித்து வையுங்கள். முதுகு மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வாஷரில் முடியோ மணலோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மூடி, பூட்டுங்கள். சார்ஜர் துளை மூடியையும் அழுத்திவிடுங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு நல்ல தண்ணீரில் பத்து நிமிடம். எடுத்து, வெளியே நன்றாகத் துடைத்து, கீல் பக்கம் வடியவிட்டு, பிறகு திறந்து காகிதத்தைப் பாருங்கள். எந்த மூலை நனைந்திருக்கிறதோ அந்த மூலையில்தான் வாஷர் சரியாக உட்காரவில்லை. துடைத்து உட்காரவைத்து இன்னொரு முறை. அப்போதும் நனைந்தால் குழியை நன்றாகக் காயவிட்டு, திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் மாற்றித்தரச் சொல்லுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிட அதன் தூள் துளைகளுக்குள் போவதுதான் அதிகம்.

கீழே போட்டுப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மேசை உயரத்திலிருந்து, மரத்தரையில், திறந்தபடி ஒரு முறை, மூடியபடி ஒரு முறை. பிறகு கீலை இடவலமாக மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் காகிதத்தை எடுத்துவிட்டுப் பேட்டரியைப் போட்டு மூடிக்கொள்ளலாம்.